வக்கீல்: தூதுவரும் வழக்குரைஞரும் – செஞ்சி வரலாற்றுப் பின்னணியில் ஒரு சொல்லாய்வு

நீதிமன்றத்தில் பிறருக்காக வாதிடுபவரைக் குறிக்கும் ‘வக்கீல்’ என்னும் சொல், நீதிமன்றத்தில் தோன்றியதன்று. அதன் முதற்பொருளையும் பொருள் மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

‘ஒப்படைத்தல்’ என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பிறந்த ‘வகீல்’ என்பதற்குப் ‘பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்’ என்பது பொருள். பாரசீகம் ஆட்சிமொழியாக விளங்கிய அரசவைகளில் இச்சொல் அரசரின் பேராளரையும் தூதுவரையும் குறித்தது. தமிழில் உயிரிடைப்பட்ட தனிக் ககரம் வல்லோசை இழந்து ஒலிக்கும். மூலத்தின் வல்லோசையைக் காக்கவே ககரம் இரட்டித்து ‘வக்கீல்’ என்றாயிற்று.

செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி 1677இல் கைப்பற்றினார். 1698இல் அது முகலாயர் வசமாயிற்று. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. பிரெஞ்சுக்காரர் 1750இலும் ஆங்கிலேயர் 1761இலும் அதனைக் கைக்கொண்டனர். இத்தகைய பல்லரசுச் சூழலில் ஓலையும் செய்தியும் கொண்டு சென்று பேசி முடிக்கும் பேராளர் இன்றியமையாதவராயினர். இக்காலத்துப் புதுச்சேரியில் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் வக்கீல் என்பவர் இத்தகைய பேராளரே.

வங்காளத்தில் 1793ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி, நீதிமன்றங்களில் வாதிடுவோரை வக்கீல் என்னும் பெயரால் முறைப்படுத்தியது. சென்னை மாகாணத்தில் 1802இல் அமைந்த நீதிமுறையும் அதனைப் பின்பற்றியது. இவ்வாறு அரசவைப் பேராளர் நீதிமன்றப் பேராளரானார். 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் தொழில்முறைப் பிரிவுகளை நீக்கி, ‘அட்வகேட்’ என்னும் ஒரே வகையை ஏற்படுத்தியது. உதவிக்கு அழைக்கப்பட்டவர் என்பதே அதன் இலத்தீன் மூலப்பொருள்.

தமிழ்ச் சொற்களின் நோக்கு வேறு. ‘வழக்குரைஞர்’ உரைத்தலையும், ‘வழக்கறிஞர்’ அறிதலையும் முன்னிறுத்துகின்றன. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி, கணவனுக்காகத் தானே வழக்குரைக்கிறாள். அமர்த்தப்பட்ட பேராளர் அங்கில்லை. எனவே, உரைத்தலும் அறிதலும் பேராண்மையைத் தம்முள் அடக்கியவை அல்ல.

அப்பொருளை இன்றும் தாங்கி நிற்பது ‘வக்காலத்து’ என்னும் உறவுச்சொல்லே. கட்சிக்காரர் வக்காலத்தில் கையொப்பமிட்டு, தம் சார்பில் நிற்கும் உரிமையை ஒப்படைக்கிறார். ‘அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்னும் பேச்சுவழக்கு, ஒப்படைக்காமலே சார்பெடுப்பவரை இடித்துரைக்கிறது. ஆகவே, ‘வக்கீல்’ என்பதை அயற்சொல் என ஒதுக்கித் தமிழ்ச்சொல்லை ஆளும்போதும், அது சுட்டிய ஒப்படைப்பு உறவைக் கலைச்சொல்லாக்கம் கருத்திற்கொள்ள வேண்டும். அறிவும் நாவன்மையும் தொழிலின் கருவிகள். பிறர் தந்த நம்பிக்கையே அதன் அடிப்படை.