18 கிலோவை 16 ஆக்கியது யார்?

மின்னணுத் தராசும் கணினிச் செக்ரோலும் (வேலை, சம்பளப் பதிவேடு) வந்துவிட்டதால் தேயிலைத் தோட்டக் கணக்கில் இனி ஒளிவுமறைவே இருக்காது என்கிறார்கள், மென்பொருள் விற்பவர்கள். 2021இல் இலங்கையின் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் மருந்துத் தரவுகள் அழிந்த செய்தியை அவர்கள் மறந்திருக்கலாம். நாம் மறக்கக்கூடாது. அன்று எல்லோரும் கேட்டது, யார் அழித்தது என்பதைத்தான்.

தரவு அட்டவணை அதற்குப் பதில் சொல்லாது. ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருவருடைய பெயருக்கு நேரே காலையில் 18 கிலோ, பின்னேரம் 16 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 16 மட்டுமே மிஞ்சும். பழைய கொப்பியிலாவது வெட்டிய கோடு தெரியும். சேர்வரில் அந்தக் கோட்டைக் காட்டக்கூடியது வினவல் பதிவு: வந்த கட்டளைகளை வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டிலும் நாமாக முடுக்கினால்தான் அது எழுதும்.

  

எனக்குப் பிடித்தது, அந்த வரி எந்தக் கணத்தில் எழுதப்படுகிறது என்பது. கொழுந்து மடுவத்தில் இரண்டு பேர் கொப்பியோடு நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர், வருகிறவரை வந்தவுடன் எழுதுகிறார். தராசடியில் நிற்பவர், நிறுத்து முடித்த பிறகு எழுதுகிறார். மைஎஸ்கியூஎல்லின் பொதுப் பதிவு வாசல்காரர். மந்த வினவல் பதிவு தராசடிக்காரர். அவரும் நெடுநேரம் எடுத்தவர்களை மட்டுமே எழுதுவார். நாம் மாற்றாதவரை நெடுநேரம் என்பது 10 வினாடி. மழைக்குப் பயந்து வரிசையிலிருந்து கூடையோடு திரும்பியவரின் பெயர் வாசல் கொப்பியில் மட்டும் இருக்கும். கூடை தராசில் இருக்கையில் கரண்ட் போனாலும் அப்படியே. பின்னால் வந்தவர் முந்தி நிறுத்துவிட்டால், இரண்டு கொப்பியிலும் வரிசை வேறாகும். போஸ்ட்கிரஸின் வாசல்காரர் இன்னும் கண்டிப்பானவர். கூடையில் கொழுந்துக்குப் பதில் வேறேதும் கிடந்தால், பெயர் எழுதாமலே திருப்பிவிடுவார்: இலக்கணப் பிழையுள்ள கட்டளை, ‘எல்லாம் எழுது’ என்று வைத்தாலும் இந்தப் பதிவில் ஏறாது, பிழைச் செய்தியோடுதான் தனியே வரும்.

ஆகவே கிலோ மாறியதைப் பிடிக்க மந்த வினவல் பதிவு உதவாது. ஓர் எண்ணை மாற்ற கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். போஸ்ட்கிரஸில் ‘மொட்’ என்ற நிலை, தரவையோ அட்டவணை அமைப்பையோ மாற்றும் கட்டளைகளை மட்டும் எழுதும். சம்பளக் கணக்குக்கு அதுவே பொருத்தம். எல்லாவற்றையும் எழுதவிட்டால் டிஸ்க் நிரம்பும். தரவும் அதே டிஸ்க்கில் இருந்தால் சேர்வரே நின்றுவிடக்கூடும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள். எல்லாக் கிளார்க்குகளும் மென்பொருளின் ஒரே பயனர் பெயரில் தரவுத்தளத்துக்குள் போனால், பதிவில் அந்தப் பெயர்தான் விழும். திருத்திய ஆள் தெரியாது. முழு அதிகாரம் உள்ளவர் சேர்வரை நிறுத்தாமலே பதிவை அணைக்கலாம். அதனால் கோப்பு உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போகவேண்டும், அதன் சாவி வேறொருவரிடம் இருக்கவேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்றானபோதும் நாளளவுக்கு மேல் பறிக்கும் மேலதிகக் கிலோவை நம்பியே பல குடும்பங்கள் மாதத்தை ஓட்டுகின்றன. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது, அந்தச் சாவி யாரிடம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும்.