பினாங்கும் வகுப்புவாதமும்

ஒரே மதத்தையோ இனத்தையோ சேர்ந்தவர்கள் என்பதாலேயே ஒரு கூட்டத்தாரின் கூலி, வியாபாரம், நிலம், பதவி எல்லாவற்றிலும் நலன் ஒன்றுதான் என்று நம்புவது வகுப்புவாதத்தின் முதல் படி. அடுத்தவர் நலன் வேறு என்பது இரண்டாவது. அவர்கள் வாழ்ந்தால் நாம் தாழ்வோம் என்பது மூன்றாவது. வரலாற்றாசிரியர் பிபன் சந்திரா இந்தியாவை வைத்து விளக்கிய இந்தப் படிகள் மலேசியாவுக்கும் பொருந்தும். அங்கே மதத்தோடு இனமும் பின்னிக் கிடக்கிறது.

பக்தியும் தாய்மொழிப் பற்றும் வகுப்புவாதம் ஆகா. மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், புனித ஜார்ஜ் தேவாலயமும், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், சீனர்களின் குவான் யின் கோயிலும் நடந்தே போய்விடும் தூரத்தில் உள்ளன. வேறுபாடு இருப்பதாலேயே பகை வந்துவிடுவதில்லை.

சண்டை எல்லாம் வகுப்புச் சண்டையும் அல்ல. 1867 ஆகஸ்டில் பினாங்கை உலுக்கிய கலவரத்தில் கீ ஹின், தோ பெ கோங் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் மோதின. முன்னதோடு வெள்ளைக்கொடிச் சங்கமும், பின்னதோடு செங்கொடிச் சங்கமும் சேர்ந்துகொண்டன. கொடிச் சங்கத்தாரோ மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். ஆகவே சீனரை எதிர்த்துச் சீனரும், முஸ்லிமை எதிர்த்து முஸ்லிமும் நின்றார்கள். அவர்களைப் பிரித்தது சங்க விசுவாசம், இனம் அல்ல.

நூறு ஆண்டு கழித்து நடந்தது வேறு. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, அதோடு பிணைந்திருந்த பழைய மலாயா வெள்ளியும் புதிய பணத்தில் 85 காசாக இறங்கியது. பழைய பணத்தைக் கையில் வைத்திருந்த ஏழை, எந்த இனமானாலும் நஷ்டப்பட்டான். தொழிலாளர் கட்சி 24-ஆம் தேதி ஹர்த்தாலுக்கு அழைத்தது. எல்லாருக்கும் பொதுவான அந்தப் பணக் குறை, மலாய்க்காரர்–சீனர் மோதலாகத் திரும்பி உயிர்களைக் குடித்தது. வகுப்புவாதத்தின் கொடுமையே இதுதான்: வயிற்றுப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மாற்றிவிடுகிறது. 1998 மார்ச்சில் பினாங்கின் கம்போங் ராவாவில் கோயிலையும் பள்ளிவாசலையும் ஒட்டி எழுந்த தகராறில் பிரிக்கும் கோடு மதத்தின் மேல் விழுந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் ஊரில் மொழி உறவுகூட அதைத் தடுக்கவில்லை.

அரசியல் அமைப்பும் இந்தக் கோடுகளை ஆழப்படுத்தியது. அம்னோ மலாய்க்காரருக்கு, ம.சீ.ச. சீனருக்கு, ம.இ.கா. இந்தியருக்கு என்று இனவாரியாகக் கட்சிகள் அமைந்தன. கூட்டணியாக ஆண்டாலும், வாக்காளரிடம் அவை இனத்தின் பேராலேயே போயின. இதற்கு மாற்றாக, பல இனக் கட்சியாக 1968-இல் பிறந்தது கெராக்கான். அறிஞர் சையத் உசேன் அலாத்தாஸ் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டே பினாங்கில் ஆட்சியைப் பிடித்து, 2008 வரை முதலமைச்சர் பதவியை வைத்திருந்தது. ஆனால் இனக் கட்சிகளின் கூட்டணியில் சேர்ந்தபின், சீன வாக்குகளை நம்பும் கட்சியாகவே அதையும் மக்கள் பார்க்கலானார்கள்.