மடியைப் பார்த்துப் பிடிக்கும் வலை

நாற்று நட்ட மூன்றாம் நாள் வயலில் போய்ப் பார்த்தால், அங்கங்கே நாற்று அரிவாளால் அறுத்தது போலத் துண்டாகி மிதக்கும். வரப்பின் அடியில் விரல் நுழையும் ஓட்டை. மேல் வயலில் கட்டிய தண்ணீர் விடிவதற்குள் கீழ் வயலுக்குப் போயிருக்கும். இயற்கை வழிக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சார், நண்டுக்கு நம்ம முறையில என்ன மருந்து?"

மருந்து எதற்கு, பிடித்துச் சாப்பிடலாமே என்பது என் பதில். சிரித்துவிட்டுப் போகிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நண்டு பிடிப்பதையே ஊர் கூடிச் செய்யும் பொழுதுபோக்காக வைத்து, அதற்குச் சட்டமும் போட்டு, அளந்து பார்த்துத் திருப்பி விடுகிற ஊரை நான் பார்த்திருக்கிறேன். அங்கே பார்த்த வலையையும், அதைவிட முக்கியமாக அங்கே உள்ள கணக்கையும் எழுதத்தான் இந்தக் கட்டுரை.

மகன் வேலை பார்ப்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். பணி ஓய்வுக்குப் பிறகு சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். பெர்த்திலிருந்து தெற்கே எழுபது கிலோமீட்டரில் மாண்டுரா என்று ஒரு ஊர். அதை ஒட்டி பீல், ஹார்வி என்ற பெயர்களில் பெரிய கழிமுகம், நம் பழவேற்காடு மாதிரி கடலோடு வாய் திறந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு. கோடைக்காலத்தில், அதாவது நமக்கு மார்கழி, தை மாதங்களில், அங்கே குடும்பம் குடும்பமாக வந்து பாலத்திலும் படகிலும் உட்கார்ந்து நீல நண்டு பிடிக்கிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நண்டுக்கென்றே திருவிழாவும் உண்டு.

இந்த நீல நண்டு நமக்கு அந்நியம் இல்லை. பாக் நீரிணையில் தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் கரைகளில் இறங்கி, நம் கரிமேடு மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டியில் வருகிற நீலக்கால் நண்டின் நெருங்கிய உறவு. ரொம்ப காலம் இரண்டையும் ஒரே இனம் என்றுதான் எழுதி வைத்திருந்தார்கள். 2010-ல்தான் விலங்கியல் அறிஞர்கள் அதை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். ஆண் நண்டு நீலம், பெண் நண்டு பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். கடைசி ஜோடிக் கால் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும், நன்றாக நீந்தும். பகலில் மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். பொழுது சாயும்போது இரை தேடக் கிளம்பும்.

வலைக்கு வருவோம். இரண்டு கம்பி வளையம். மேல் வளையம் பெரிது, கீழ் வளையம் சிறிது. கீழ் வளையத்தில் கட்டில் பின்னுவது போல வலை பின்னி அடி போட்டிருக்கும். இரண்டு வளையத்துக்கும் நடுவில் சுற்றிலும் தொளதொளவென்று வலை. மேல் வளையத்திலிருந்து மூன்று, நான்கு கயிறு கிளம்பி ஒரு முடிச்சில் சேர்ந்து, அங்கிருந்து நீளக் கயிறு, கயிற்றின் நுனியில் மிதவை. அடியின் நடுவில் மீன் தலையையோ ஆட்டுக் கழுத்தெலும்பையோ இறுக்கிக் கட்டிவிடுவார்கள். தண்ணீரில் இறக்கினால் தரையில் போய் மேல் வளையம் கீழ் வளையத்தைச் சுற்றிப் படுத்துவிடும். அந்த நேரத்தில் அது வலையே இல்லை, நடுவில் சோறு வைத்த தட்டு. நாலா பக்கமும் திறந்திருக்கும். நண்டு வரும், தின்னும், இஷ்டப்பட்டால் போய்விடும். கால் மணி நேரம் கழித்துக் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தால் மேல் வளையம் முதலில் எழும்பும், தொளதொள வலை சுவராக நிமிரும், தட்டு வாளியாகிவிடும். இழுப்பில் தயக்கம் இருந்தால் நண்டு மேலே நீந்தித் தாண்டிவிடும். கயிறு தொய்யாமல் இழுப்பதுதான் இதில் உள்ள ஒரே கைவேலை. ஆறு வயதுப் பிள்ளை கூடச் செய்கிறது.

எனக்குப் பிடித்த விஷயம், மேலே வந்த நண்டு வலையில் சிக்கிக்கொள்ளவில்லை என்பது. ஒரு கால் கூட ஒடியாமல் உட்கார்ந்திருக்கும். வேண்டாம் என்றால் கவிழ்த்தால் போதும், உயிரோடு தண்ணீருக்குப் போய்விடும். வேண்டும், வேண்டாம் என்று யோசிக்க இடம் கொடுக்கிற வலை அது.

எது வேண்டாம்? அங்கே ஒவ்வொருவர் கையிலும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஓட்டின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளின் நுனிக்கு நுனி 127 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குலம் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் திரும்பத் தண்ணீருக்கு. முட்டை சுமக்கும் பெண் நண்டு எவ்வளவு பெரிதானாலும் தொடக் கூடாது. ஒருவர் பத்து வலைக்கு மேல் போடக் கூடாது, நாளொன்றுக்கு ஒருவர் பத்து நண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. குத்தும் கருவி எதுவும் கூடாது. பொழுதுபோக்குக்குப் பிடித்ததை விற்கவும் கூடாது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நவம்பர் கடைசி வரை யாரும் பிடிக்கக் கூடாது. அதிகாரி வந்து வாளியைக் கவிழ்த்து எண்ணுவார், அளப்பார், அபராதம் போடுவார். 'இவ்வளவு கெடுபிடியா, இது பொழுதுபோக்கா?' என்று மகனிடம் கேட்டேன். "இல்லன்னா பொழுதும் போகாது, நண்டும் இருக்காதுப்பா" என்றான்.

அவன் சொன்னதற்கு ஆதாரம் பக்கத்திலேயே இருந்தது. பெர்த்துக்கும் மாண்டுராவுக்கும் நடுவில் காக்பர்ன் விரிகுடா. ஒரு காலத்தில் நண்டுக்குப் பேர் போனது. 2006 கடைசியில் நண்டு அருகிப்போய் மூடினார்கள். 2009-ல் திறந்தார்கள். 2014 ஏப்ரலில் மறுபடி மூடினார்கள், அப்புறம் வருடக் கணக்கில் மூடியே கிடந்தது. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணம் நாம் கவனிக்க வேண்டியது. பெண் நண்டு தோலுரித்து மெத்தென்று இருக்கும்போதுதான் இணை சேரும். விந்துவை உள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, சில மாதம் கழித்துத் தண்ணீர் சூடேறும்போது முட்டை தள்ளும். இடைப்பட்ட அந்தக் குளிர்காலத்தில் அதன் வெளியே முட்டை இருக்காது, அதனால் சட்டப்படி பிடிக்கலாம். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொடர்ந்து சில வருடம் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் போனது. முட்டை குறைந்தது, குஞ்சு குறைந்தது, விரிகுடா காலியானது.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. வட்டி எது, அசல் எது என்று பார்வைக்குத் தெரியாத மாதங்களில் அசலை எடுத்துச் செலவழித்துவிட்டார்கள். மாண்டுரா பக்கம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை தடை வைத்திருப்பது அந்த மாதிரிக் கருவுற்ற, இன்னும் முட்டை தள்ளாத பெண் நண்டுகளைக் காப்பாற்றத்தான். பீல், ஹார்வி கழிமுகத்து நண்டுக்கு 2016-ல் சர்வதேச மீன்வளச் சான்று கிடைத்தது. தொழிலுக்குப் பிடிப்பவர், பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் இருவரையும் சேர்த்து இந்தச் சான்று வழங்கப்பட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

நம் கடற்கரையில் கதை வேறு. இங்கே நீலக்கால் நண்டு பிடிப்பது பிழைப்பு. நைலான் நண்டு வலையை மாலையில் அடியில் விரித்துவிட்டு விடியற்காலை எடுக்கிறார்கள். அதில் சிக்கிய நண்டு கால், கொடுக்கு எல்லாம் பின்னிக்கொண்டுதான் வரும். முட்டை நண்டோ, குட்டி நண்டோ, எடுத்து விடுவதற்குள் பாதி கால் போய்விடும். பெரியது உயிரோடு விலை போகும், மற்றது கம்பெனிக்குப் போய், நம் பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து சதை உரித்து, டப்பாவில் அடைத்து அமெரிக்கா போகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகின் நண்டு வலைக்கு இல்லை. தடை போட்டாலும் எந்த மாதத்துக்குப் போடுவது என்பது சிக்கல். நம் வெதுவெதுப்பான கடலில் இந்த நண்டு வருடம் பூராவும் முட்டையிடுகிறது. ஆஸ்திரேலியச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து மீனவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. நாள் கூலிக்கு வலை இழுப்பவரிடம் அளவுகோலைக் கொடுத்துப் பிரயோஜனம் என்ன?

தாய்லாந்து மீனவர்கள் செய்வது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'நண்டு வங்கி'. வலையில் வந்த முட்டை நண்டைக் கிராமத்துப் பொதுத் தொட்டியிலோ கூண்டிலோ கொண்டுவந்து போட வேண்டும். முட்டை முதலில் ஆரஞ்சாக இருக்கும், பொரிக்கும் சமயம் கறுத்துவிடும். சில நாளில் பொரித்ததும் குஞ்சுகளைக் கடலில் விட்டுவிடுவார்கள். ஒரு தாய்க்குப் பல லட்சம் முட்டை. அதில் பெரியதாவது சொற்பம்தான் என்றாலும், கடலில் போட்ட அந்த முதல் யாருக்கும் நஷ்டம் இல்லை. 2018-லிருந்து அந்நாட்டு அரசும் இதைக் கடலோரம் முழுக்கப் பரப்பியது. முப்பத்தைந்து வருடம் வங்கியில் வேலை பார்த்தேன், ஜாமீன் கேட்காத இப்படி ஒரு வங்கியை நான் பார்த்ததில்லை.

இனி நம் வயல் நண்டு. இங்கேதான் பலருக்குத் தெரியாத சங்கதி இருக்கிறது. கடல் நண்டு லட்சக்கணக்கில் முட்டையிட்டு, குஞ்சுகள் மிதந்து, பல முறை உருமாறி நண்டாகிறது. வயல் நண்டுக்கு அந்த மிதக்கும் பருவமே கிடையாது. நூற்றுக் கணக்கில்தான் முட்டை. பெரிய முட்டை. பொரிக்கும்போதே கடுகளவு முழு நண்டாக வெளியே வந்து, தாயின் வயிற்று மடிக்குள் கொஞ்ச நாள் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு தாய் செத்தால் அந்தத் தலைமுறை அதோடு போச்சு, வேறெங்கிருந்தோ மிதந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. நண்டுக்கென்று வயலில் குருணை மருந்து போட்ட ஊர்களில் நண்டு மட்டுமா போனது? நண்டைத் தின்ற கொக்கு, நாரை, வரப்பில் திரிந்த நரி, எல்லாவற்றுக்கும் அந்த விஷம் போனது. நண்டுக்கும் குருத்துப்பூச்சிக்கும் நம்மாட்கள் அள்ளிப் போட்ட ஃபோரேட் குருணையை அரசே 2020 டிசம்பர் கடைசியோடு நிறுத்திவிட்டது. கடையில் வேறு பெயரில் வேறு குருணை இருக்கத்தான் செய்கிறது.

அப்படியானால் நாற்றை என்ன செய்வது? நண்டு கடிப்பது இளம் நாற்றைத்தான். தண்டு முற்றிய பிறகு அது சீந்துவதில்லை. ஆகவே பிரச்சினை நட்ட முதல் இரண்டு வாரம். அந்த நாட்களில் தண்ணீரை வடித்துச் சேறாக மட்டும் வைத்தால் நண்டின் நடமாட்டம் பாதியாகக் குறையும். பதினாலு நாள் நாற்றை ஒற்றையாக நடுகிறவர்களுக்கு இது கட்டாயம், ஒன்று போனால் அந்த இடம் காலிதான். நடவுக்கு முன்னால் அண்டை வெட்டி, சேறு வைத்து வரப்பை நன்றாக மெழுகுங்கள். பழைய வளைகள் அப்போது கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் பத்தடிக்கு ஒன்றாக வாய் குறுகின மண்பானையைத் தரை மட்டத்துக்குப் புதைத்து, உள்ளே வறுத்த தவிடோ கருவாட்டுத் தலையோ போட்டு வைத்தால் ராத்திரியில் விழுந்து கிடக்கும்.

வளைய வலை இரண்டங்குலத் தண்ணீரில் வேலை செய்யாது. இடுப்பளவு தண்ணீர் உள்ள பண்ணைக்குட்டை, கிணற்று வாய்க்கால், கண்மாய் ஓரம் இவற்றுக்குத்தான். நான் செய்து வைத்திருப்பது இதுதான்: மேலே இரண்டடி வளையம், கீழே ஒன்றேகால் அடி வளையம், பழைய மீன்வலைத் துண்டு, நைலான் கயிறு, மிதவைக்குக் காலித் தண்ணீர் பாட்டில். வெல்டிங் கூலியோடு சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கோழிக்கடைக் கழிவை ஒரு சின்ன வலைப்பையில் போட்டு நடுவில் கட்டுகிறேன். வெறுமனே கட்டினால் கெண்டைக் குஞ்சு கொத்தியே தீர்த்துவிடும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து குட்டை நிறைந்த பிறகு, அந்தி நேரத்தில் நான்கு வலையைச் சுற்றிச் சுற்றி இறக்கி எடுத்தால் பதினைந்து இருபது நண்டு கிடைக்கிறது. பக்கத்து வயல்களுக்கு ஏறுவதும் அந்த அளவுக்குக் குறைகிறது.

எங்கள் பண்ணையில் நடவுக்கு வரும் அப்பத்தா ஒருவர் வலையை முதலில் பார்த்தபோது, "வலை கெடக்கட்டும் சார், ஒவ்வொண்ணையும் திருப்பி மடியப் பாருங்க, புள்ள இருந்தா விட்டுருங்க" என்றார். மாண்டுராவில் அதிகாரி சொன்னதும் அதுதான். ஆண் நண்டின் மடி ஒடுக்கமான முக்கோணம், பெண்ணுக்கு அகன்று வயிற்றை மூடியிருக்கும். அகன்ற மடியை விரலால் லேசாக நெம்பினால் முட்டையோ குஞ்சோ தெரிந்துவிடும். அப்படிப்பட்டதை வயலில் விடாமல் ஓடைப் பக்கம் கொண்டுபோய் விடுகிறோம்.

சாப்பிடுவது பற்றி இரண்டு எச்சரிக்கை. மருந்தடித்த வயலின் வடிநீர் வரும் வாய்க்கால் நண்டை எடுக்காதீர்கள். அது எங்கே மேய்ந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து, நன்னீர் நண்டை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. அதன் சதையில் இருக்கக்கூடிய ஒரு புழு நுரையீரலில் போய்த் தங்கும். வடகிழக்கு மாநிலங்களில் இப்படி வந்த நோயைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்த கதை எல்லாம் உண்டு. இடித்து ரசம் வைப்பவர்கள், சாற்றை வடிகட்டிய பிறகு பொங்கியதும் இறக்கிவிடாமல், மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.