அந்த ஐம்பது வாட் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

வீச்சுப் பண்பேற்றம் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்குச் சென்ற பருவத் தேர்வில் நான் குறைவில்லாமல் விடை எழுதினேன். படம் வரைந்தேன், சூத்திரத்தைத் தருவித்தேன், விடையைச் சுற்றிக் கட்டமும் இட்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஐயம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லை. ஆகவே புரியாததை மனப்பாடம் செய்துவிடுவது என் வழக்கம். அவ்வழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை ஒரு பெரியவர் வீட்டு மாடியறையில் அறிந்துகொண்டேன்.

அப்பெரியவர் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர். 'ஹாம்' என்று சொல்வார்களே, அவர்களுள் ஒருவர். அவருடைய நிலையத்தைக் காண நண்பர்கள் சிலர் சென்றிருந்தோம். மேசைமேல் கையடக்கமான புதிய கருவி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் பீரோ போல நின்றது அவர் இளமையில் தம் கையாலேயே கட்டிய வால்வு அலைபரப்பி.

"ஐயா, இது எத்தனை வாட்?" என்று கேட்டேன்.

"எந்த வாட்டைக் கேட்கிறீர்கள், தம்பி? ஊர்தி அலை மட்டும் என்றால் 100 வாட்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முழுப் பண்பேற்றத்தில் அது 150 வாட் ஆகும்" என்றேன்.

"சரிதான். அந்த மிச்சம் 50 வாட் எங்கிருந்து வந்தது? நான் மைக்கில் பேசுகிறேனே, அதிலிருந்தா?"

எனக்கு நா எழவில்லை. சாதாரணப் பேச்சின் ஒலித்திறன் ஒரு வாட்டில் இலட்சத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. அதிலிருந்து 50 வாட் வராது. வெறும் வெளியிலிருந்தும் வராது. ஆற்றல் அழிவின்மை விதி அதற்கு இடம் தராது. பின் யார் கொடுத்தது? இவ்வொரு கேள்விக்கு விடை தேடிப் போனால், பண்பேற்ற முறைகள் அனைத்தும் தாமே வரிசையில் வந்து நிற்கின்றன. நான் தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே அலைபரப்பி, மூன்று வாட்டுகள்

ஊர்தி அலை என்பது பேச்சு ஏறாத வெறும் உயர் அதிர்வெண் அலை. எடுத்துக்காட்டாக, 7100 கிலோ ஹெர்ட்ஸ் ஊர்தி அலைமேல் 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை ஏற்றினால், 7099 இலும் 7101 இலும் இரண்டு புதிய அலைகள் பிறக்கின்றன. இவையே பக்கப்பட்டைகள். செய்தி முழுவதும் இவற்றில்தான் உள்ளது. ஊர்தி அலை பேசும்போதும் பேசாதபோதும் அதே அளவில் நிற்கிறது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 50 ஓம் ஏரியலில் 100 வாட் செலுத்தினால், ஊர்தி அலையின் உச்ச மின்னழுத்தம் சரியாக 100 வோல்ட். முழுப் பண்பேற்றத்தின்போது அலையின் வீச்சு மேலே 200 வோல்ட் வரை ஏறுகிறது. கீழே சுழி வரை இறங்குகிறது. மின்னழுத்தம் இரு மடங்கானால் திறன் நான்கு மடங்கு. ஆகவே மேட்டின் உச்சியில் திறன் 400 வாட். மேடும் பள்ளமும் சேர்ந்த சராசரி 150 வாட். மொத்தத் திறன் = ஊர்தித் திறன் × (1 + பண்பேற்ற எண்ணின் வர்க்கம் ÷ 2) என்று நாம் தேர்வில் எழுதுவது இந்தச் சராசரியைத்தான்.

ஆக, 100 என்பதும் சரி. 150 என்பதும் சரி. 400 என்பதும் சரி. முதலாவது ஊர்தித் திறன். இரண்டாவது சராசரித் திறன். மூன்றாவது உச்சத் திறன். 'எந்த வாட்?' என்று பெரியவர் திருப்பிக் கேட்டது வேடிக்கைக்காக அன்று.

பள்ளம் சுழிக்கும் கீழே போக முடியாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதற்கு மேலும் சத்தமாகப் பேசிப் பண்பேற்றத்தை மிகுத்தால் ஊர்தி அலை இடையிடையே அறுந்துபோகிறது. அறுந்த அலையிலிருந்து தேவையற்ற அதிர்வெண்கள் சிதறி, பக்கத்து அதிர்வெண்ணில் பேசுபவரின் காதைக் கெடுக்கின்றன.

தனியே சம்பாதித்துக் கொடுக்கும் முறை

பெரியவரின் அலைபரப்பியில் இருப்பது நேர்மின்வாய்ப் பண்பேற்றம். ஹாம்கள் வழக்கில் 'பிளேட் மாடுலேஷன்'. கடைசி வால்வுக்கு 1000 வோல்ட் நேர்மின்னழுத்தமும் சுமார் 133 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் தரப்படுகின்றன. அதாவது 133 வாட் உள்ளே போகிறது. 'சி' வகுப்பில் இயங்கும் அவ்வால்வு அதில் 75 சதவீதத்தை உயர் அதிர்வெண் அலையாக மாற்றுகிறது. வெளிவருவது 100 வாட். வெப்பமாவது 33 வாட்.

பேச்சை ஏற்றுவதற்கு இன்னொரு பெரிய பெருக்கி தனியே இருக்கிறது. அதுவே பண்பேற்றி. அதன் வெளியீடு ஒரு கனத்த மின்மாற்றி வழியாக அந்த 1000 வோல்ட்டோடு தொடர் இணைப்பில் சேர்கிறது. பேச்சுக்கேற்ப நேர்மின்வாயின் மின்னழுத்தம் 2000 வரை ஏறிச் சுழி வரை இறங்குகிறது. இதற்குப் பண்பேற்றி தர வேண்டிய திறன், உள்ளே போகும் நேர்மின் திறனில் சரிபாதி. ஏறத்தாழ 67 வாட். இந்த 67 வாட்டிலும் 75 சதவீதமே ஏரியலுக்குப் போகிறது. 67 இல் 75 சதவீதம் எவ்வளவு? ஐம்பது!

என் கேள்விக்கு முதல் விடை இதுதான். மிச்சம் 50 வாட்டைக் கொடுத்தது பண்பேற்றி. தனியே மின்சாரம் தின்று, தனியே உழைத்துக் கொடுத்தது. அந்த அலைபரப்பி பீரோ அளவுக்கு வளர்ந்ததன் காரணமும் அதுவே. அமெரிக்காவில் ஹீத்கிட் நிறுவனம் 1950களில் விற்ற டி.எக்ஸ்.-100 என்ற கருவி இம்முறையில் அமைந்ததே. அதன் எடை ஏறக்குறைய 100 பவுண்டு. கனத்திற்குப் பெரும் காரணம் உள்ளே இருந்த மின்மாற்றிகள்.

இதன் முன்னோடி, அமெரிக்கப் பொறியாளர் ரேமண்ட் ஹைசிங் வகுத்த முறை. அதில் மின்மாற்றிக்குப் பதிலாக ஒரு சோக்குச் சுருள் உண்டு. பண்பேற்றும் வால்வும் அலைபரப்பும் வால்வும் அச்சுருளின் வழியே ஒரே மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று குறைவாக எடுத்தால் மற்றது கூடுதலாகப் பெறும். எளிய அமைப்புத்தான். எனினும் இரு வால்வுகளுக்கும் ஒரே மின்னழுத்தம் என்பதால் முழுப் பண்பேற்றத்தை எட்டுவது கடினம். அலைபரப்பும் வால்வின் மின்னழுத்தத்தை ஒரு மின்தடையால் சற்றுக் குறைத்து அக்குறையைத் தீர்த்தார்கள்.

வீணாவதை மிச்சப்படுத்தும் முறை

எல்லோராலும் பெரிய பண்பேற்றி கட்ட இயலுமா? செலவைக் குறைக்க நினைத்தவர்கள் வால்வின் கட்டுப்பாட்டுக் கிரிட்டிலோ திரைக் கிரிட்டிலோ பேச்சைச் செலுத்தினார்கள். அங்கே சில வாட் இருந்தாலே போதும். அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வரும்?

இதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். இம்முறையில் வால்வு பேச்சில்லாத நேரத்தில் பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. உள்ளே போவது 300 வாட் என்று கொள்வோம்; வெளிவருவது 100 வாட்; 200 வாட் வெப்பமாக வீணாகிறது. பேச்சு வந்ததும் உள்ளே போகும் சராசரித் திறன் மாறுவதில்லை. அதே 300 வாட்தான். ஆனால் வெளியே 150 வாட் போகிறது. வெப்பம் 150 ஆகக் குறைகிறது. வெப்பமாகப் போய்க்கொண்டிருந்த 50 வாட்டே பேச்சாக மாறி ஏரியலுக்குச் செல்கிறது.

பிளேட் முறையில் பேசும்போது வால்வு கூடுதலாகச் சுடும். கிரிட் முறையில் பேசும்போது வால்வு சற்றுக் குளிரும், மௌனத்தில்தான் மிகுதியாகச் சுடும். சூத்திரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. வால்வைப் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்.

இச்சிக்கனத்திற்கும் விலை உண்டு. 100 வாட் ஊர்திக்கு 200 வாட் வெப்பம் தாங்கும் வால்வு தேவைப்படுகிறது. பேசாதபோது ஊர்தி அலையையே தாழ்த்திவிட்டு, பேசும்போது மட்டும் உயர்த்துவது இதற்கு ஒரு மாற்று. 1960களில் புகுமுக ஹாம்களிடையே பெயர் பெற்ற ஹீத்கிட் டி.எக்ஸ்.-60 அவ்வகையைச் சேர்ந்தது.

புதிய கருவியில் ஏன் 25 வாட்?

மேசைமேல் இருந்த புதிய கருவி 100 வாட் எனப் பெயர் பெற்றது. ஆனால் வீச்சுப் பண்பேற்றத்தில் அதன் ஊர்தி அலையை 25 வாட்டில் வைத்திருந்தார் பெரியவர். 'பழுதோ?' என்று அன்று நினைத்தேன். இன்று காரணம் தெரிகிறது. இத்தகைய கருவிகளில் பேச்சு சிறிய நிலையிலேயே ஏற்றப்பட்டு, பின்னர் நேரியல் பெருக்கியால் பெருக்கப்படுகிறது. அப்பெருக்கியின் உச்ச வரம்பு 100 வாட். உச்சம் ஊர்தியின் நான்கு மடங்கு என்பதால், ஊர்திக்குக் கிடைப்பது 25 வாட்டே. அதை மீறித் திருகினால் மேடுகளின் தலை சீவப்பட்டு, ஒலி கெடுவதோடு பக்கத்தாருக்கும் இடையூறாகும்.

எந்த வாட்டை எண்ணுவது என்ற வழக்கு

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. சட்டமாகவும் வந்து நின்றது. அமெரிக்காவில் அமெச்சூர்களுக்கு விதி வகுப்பது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். நெடுங்காலம் அங்கே இருந்த வரம்பு, கடைசி நிலைக்கு உள்ளே போகும் நேர்மின் திறன் 1000 வாட் என்பதே. ஒரு வோல்ட் அளவி, ஓர் ஆம்பியர் அளவி. இரண்டையும் பெருக்கினால் முடிந்தது. அவ்விதியின்படி ஒருவர் 750 வாட் ஊர்தி அலை பெறலாம். உச்சம் 3000 வாட் ஆகும். பண்பேற்றி தரும் 500 வாட் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை!

1983இல் விதி மாறியது. ஏரியலுக்குப் போகும் உச்சத் திறன் 1500 வாட் என்பதே புதிய வரம்பு. வீச்சுப் பண்பேற்றக்காரர்கள் பழைய அளவில் தொடர 1990 வரை அவகாசம் தரப்பட்டது. அதன்பின் அவர்களுடைய ஊர்தி அலை 1500 இல் கால் பங்கு, அதாவது 375 வாட்டுக்கு இறங்கியது. பழைய 750 இல் இது சரிபாதி. பல ஆண்டு உழைத்து நிலையம் அமைத்தவர்களுக்கு இது பேரிழப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

கேட்பவர் காதில் அந்த இழப்பு எவ்வளவு? திறன் பாதியானால் 3 டெசிபல் குறையும். வாங்கியின் 'எஸ்' அளவியில் ஒரு படி 6 டெசிபல் என்பது மரபு. ஆகவே முள் அரைப்படி தாழும், அவ்வளவே. வரம்பு பாதியானாலும் குரல் பாதியாகிவிடவில்லை.

ஒற்றைப் பக்கப்பட்டை முறைக்காரருக்கு அதே 1500 வாட்டும் பேச்சுக்கே பயன்படுகிறது. வீச்சுப் பண்பேற்றக்காரருக்கு ஒரே சீரான ஒலியை முழு அளவில் ஏற்றினாலும் இரு பக்கப்பட்டைகளும் சேர்ந்து 187.5 வாட்தான், எட்டில் ஒரு பங்கு. ஒரே உச்ச வரம்பை எல்லோருக்கும் வைப்பது நியாயமா, அநியாயமா? அது எந்த வாட்டை உண்மையான வாட் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. விதிக்குள் ஓர் இயற்பியல் ஒளிந்திருக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்கு விளங்கியது.

இன்றும் ஏன்?

இத்தனை வீண் இருந்தும் பலர் இம்முறையை விடவில்லை. ஊர்தி அலை உடன் வருவதால் வாங்கி எளிதாக அமைகிறது. குரல் இயல்பு கெடாமல் கேட்கிறது. ஒற்றைப் பக்கப்பட்டையில் அதிர்வெண் சற்றுப் பிசகினாலும் குரல் வாத்தின் குரலாகிவிடும். மேலும், இன்றைய ஆர்வலர்கள் மின்மாற்றிக்குப் பதில் டிரான்சிஸ்டர்களை மிக விரைவாகத் திறந்து மூடி, துடிப்பின் அகலத்தைப் பேச்சுக்கேற்ப மாற்றும் பண்பேற்றியைக் கட்டுகிறார்கள். அங்கும் 50 வாட்டைக் கொடுப்பது பண்பேற்றியே. வீணாவதுதான் மிகக் குறைவு.

கட்டிப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, உரிமம் இன்றி அலைபரப்புவது நம் நாட்டில் குற்றம். தேர்வெழுதி உரிமம் பெறலாம். இரண்டாவது, வால்வுக் கருவியில் 1000 வோல்ட் இருந்தால் பேசும்போது 2000 வோல்ட் வரை எழும். அணைத்த பின்பும் மின்தேக்கிகளில் உயிரைக் குடிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். நம் ஆய்வகத்தின் சிறு பலகையில் இந்த அபாயம் இல்லை.

அப்பலகையில் சென்ற வாரம் மீண்டும் அச்சோதனையைச் செய்தேன். திரையில் மேடு 3 கட்டம், பள்ளம் 1 கட்டம். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்க, பண்பேற்ற எண் 0.5 என வந்தது. அந்த அளவில் மொத்தத் திறனில் ஒன்பதில் ஒரு பங்கே பேச்சு. சோதனைப் பதிவேட்டில் விடையை எழுதிக் கட்டம் இட்டேன். கட்டத்திற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன்: 'இந்த ஒன்பதில் ஒரு பங்கைக் கொடுத்தது யார்?'

இனி எந்தச் சூத்திரத்தைப் படித்தாலும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வதாக எண்ணம்.