ஆறாத தார்

டிப்பர் லாரி முதுகைத் தூக்கிக் கலவையைக் கொட்டியதும் நீலப் புகை குபுகுபுவென எழும். பூட்ஸ் மாட்டிய தொழிலாளி குனிந்து அதை இழுத்துச் சமன் செய்வார். புகை நேரே அவர் முகத்தில் அடிக்கும். ரோலர் நாலு தடவை போய்வந்தால் புகை அடங்கிவிடும். ஆனால் ஆவி அடங்குவதில்லை.

தார் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இன்று சாலையில் போடுவது பிட்டுமன். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கசடு இது. அசல் தார் நிலக்கரியிலிருந்து வருவது. அதில் நச்சு இன்னும் அதிகம். சாலைக் கலவையில் சுமார் 95 பங்கு ஜல்லியும் மணலும். பிட்டுமன் 5 பங்குதான். அது இளகி ஜல்லியைப் பற்றிக்கொள்ள வழக்கமாக 150 டிகிரி செல்சியசை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் ஆவியாகும் எண்ணெய்ப் பொருள்கள் வெளிக்காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகின்றன. நாம் காணும் புகை அதுதான்.

அமெரிக்காவில் தட்டைக் கூரைகளுக்கு, காற்று ஊதிக் கெட்டியாக்கிய பிட்டுமனை 200 டிகிரிக்கும் மேல் கொப்பரையில் உருக்குவார்கள். சூடு ஏற ஏறப் புகையும் பெருகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தக் கூரை வேலை சாலை வேலையைவிட ஒரு படி அதிக ஆபத்தான பிரிவில் இருக்கிறது.

ஆறிய சாலை? யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிட்டுமனைக் குழாய் உலையில் வைத்துச் சூடேற்றி, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 40 டிகிரி 60 ஆனதும் ஆவி இரு மடங்கானது. மிதமான செயற்கை வெயில் பட்டதும், சாலைப் பிட்டுமன் விட்ட ஆவி ஏறக்குறைய 300 சதவீதம் கூடியது. இந்த ஆவி காற்றில் வேதிமாற்றம் அடைந்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகளாகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் தார்ப் பரப்புகள் ஓராண்டில் விடும் இவ்வகை ஆவி, வண்டிகள் விடுவதைவிட அதிகம் என்பது அவர்கள் கணக்கு.

சாலை போடும்போது எழும் புகையைக் குறைக்க வழி உண்டு. பிட்டுமனில் துளி நீர் சேர்த்தால் நுரைத்து இளகும். வழக்கத்தைவிட 20 முதல் 40 டிகிரி குறைந்த சூட்டிலேயே கலக்கலாம். தொழிலாளிக்கு அது பெரிய ஆறுதல். வெயிலில் கிடக்கும் சாலைக்கு அது போதாது. அதற்கு நிழல்தான் வேண்டும். மே மாத மதியம் செருப்பில் பிசுபிசுக்கும் நம்மூர்ச் சாலையும் அந்த 60 டிகிரியைத் தொடுவதுண்டு. அப்போது மூக்கில் ஏறும் வாடை, என்றோ போட்ட சாலை இன்னும் விடும் மூச்சு.