கரையாத உப்பு குழந்தைக்கு ஆகாது!



குழந்தைக்கு வயிற்றால் போனால் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுகின்றன. உடனே ஈடு செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1971-ல் வங்காளதேசப் போரின்போது எல்லையோர அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அந்த வழியில் வந்ததுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

ஆனால் நம் நீலகிரியில் ஒரு சங்கடம். குடத்துத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். அதில் போட்டது சீக்கிரம் கரையாமல் அடியில் தங்கிவிடும். "அதான் கலக்கியாச்சே" என்று கொடுத்தால், முதல் டம்ளரில் சத்து இராது. கடைசி டம்ளரில் உப்பு மிஞ்சிவிடும். உப்பு மிஞ்சினால் குழந்தைக்குத் தீங்கு.

சீக்கிரம் கரைய என்ன வேண்டும்?

1. பொடி: கட்டியாக இருந்தால் தண்ணீர் வெளிப்புறத்தை மட்டுமே தொடும். பொடியானால் எல்லாப் பக்கமும் தொடும். ஆகவே கல் உப்பு வேண்டாம். தூள் உப்பே நல்லது.

2. சூடு: வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் கரையும்.

3. கலக்குதல்: அடியில் கிடக்கும் சர்க்கரையைச் சுற்றி இனிப்பு நீர் தேங்கி நிற்கும். கிளறினால்தான் புது நீர் வந்து சேரும்.

செய்முறை

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். எனவே கொதி வந்தபின் 3 நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் 1 லிட்டர் அளந்து, ஒரு பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். (200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் உண்டு, மேலே உள்ள அளவைப் பாருங்கள்.)

பொட்டலம் இல்லையா? 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. அடியில் பருக்கை தெரியக் கூடாது. கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கரையட்டுமே என்று கரைசலை அடுப்பில் வைக்காதீர்கள். நீர் வற்றி உப்பு கூடிவிடும். 24 மணி நேரம் ஆனபின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

கொடுப்பது எப்படி?

ஒவ்வொரு முறை போனதும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி. பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். துத்தநாக மாத்திரை பற்றிக் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம், குழி விழுந்த கண், குடிக்க முடியாத சோர்வு கண்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அம்மா கொழுந்து பறிக்கப் போயிருக்கும்போதும் வயிற்றுப்போக்கு வரலாம். ஆகவே அப்பாவும் கரைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்ற பிள்ளையைப் பேணுவதே குடும்ப நலம்!