நுரை கட்டுவதற்கு முன்னே

தென்னம்பாளையிலிருந்து சொட்டும் சாறு புதிதாய் இருக்கையில் வெறும் இனிப்புதான். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் நுரை கட்டிக் கள்ளாகும், மறுநாள் புளிப்பேறும், இன்னும் சில நாள் கிடந்தால் காடியாகிவிடும். பீர் வடிக்கிறவர் பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வேகவைத்து, ஆறவைத்து, அதன்பிறகு ஈஸ்ட்டைப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தென்னையில் இத்தனை பாடு கிடையாது. சர்க்கரை கரைந்தே வருகிறது. ஈஸ்ட்டோ காற்றிலும் பூச்சிகளின் உடம்பிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஒட்டிக்கொண்டு அழைக்காமலே வந்து சேர்கிறது. சாறு கள்ளாவதற்கு யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம். கள்ளாகாமல் காப்பதற்குத்தான் கைத்திறன் வேண்டும். அப்படிக் காத்த சாறே நீரா என்ற பெயரில் விற்கப்படுகிறது; அதன் தொழில் முழுவதும் அந்தச் சில மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

புளித்ததை விற்கும் உரிமை இடத்துக்கு இடம் மாறுகிறது. பெங்களூரில் 2010 முதல் சிறு பீர் ஆலைகள் உணவகங்களோடு சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்தே விற்கின்றன. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அதை நீக்கச் சொல்லி விவசாயச் சங்கங்கள் இன்றும் கேட்டு வருகின்றன. தென்னை விவசாயிக்கு ஒரு கதவு 2017இல் திறந்தது: புளிக்காத நீராவை உரிமம் பெற்று இறக்கலாம் என்று அரசு அனுமதித்தது. ஆனால் சாறு புளித்துவிட்டால் சரக்கு வீணாவதோடு நிற்காது, சட்டத்தின் பார்வையில் அது வேறு பொருளாகிவிடும். பீர் ஆலைக்காரருக்கு இல்லாத நெருக்கடி இது.

அந்தக் கதவு தேவைப்படும் ஊர்களில் ஒன்றாக, புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கட்டுமாவடி. ஊர்ப் பெயரைச் சொன்னாலே மீன் சந்தைதான் நினைவுக்கு வரும். இங்கிருந்து பேராவூரணிப் பக்கம் போகப்போகத் தென்னந்தோப்புகள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் அந்தத் தோப்புகளில் ஏராளமான மரங்களை வேரோடு சாய்த்தது. நெட்டை ரகக் கன்று வைத்தால் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதனால் நின்று பிழைத்த ஒவ்வொரு மரத்திலிருந்தும் கூடுதல் வருமானம் எடுப்பது இந்தப் பகுதியில் வீண் ஆசையல்ல, தேவை.

நீரா இறக்க விரியாத பாளை வேண்டும். அதைக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, கத்திப் பிடியாலோ கட்டையாலோ நாள்தோறும் மெல்லத் தட்டி வருவார்கள். அடி பலமாக விழுந்தால் உள்ளே பூங்கதிர் நசுங்கிவிடும். குறைந்தால் சாறு ஊறாது. பிறகு நுனியை வெட்டி, சாறு சுரக்கத் தொடங்கியதும் தினமும் காகித கனத்துக்குச் சீவிக்கொண்டே வர வேண்டும். ஒரு பாளை ஏறக்குறைய ஒன்றரை மாதம் சுரக்கும். நல்ல மரம் நாளுக்கு இரண்டு லிட்டர் வரை தரும். சீவிய பாளையில் தேங்காய் பிடிக்காது என்பதால், காயின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அரிவாளை எடுப்பது நல்லது.

பதநீருக்குக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது பழைய வழி. சுண்ணாம்பு புளிப்பைத் தடுக்கும். கூடினால் சுவையைக் கெடுக்கும். காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வேறு வழி கண்டது: பாளை நுனியில் சிறு ஐஸ் பெட்டியைப் பொருத்தி, சாறு சொட்டும்போதே குளிரவைப்பது. இப்படி இறங்கும் சாறு தேன் நிறத்தில், நுரையில்லாமல் இருக்கும். கலயத்தில் சும்மா விட்ட சாறு வெள்ளையாகக் கலங்கி, கள் வாடையடிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேரம் செய்த வேலை கண்ணுக்கே தெரியும். கட்டுமாவடி போன்ற கடற்கரையில் ஐஸின் அருமையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைப் போலவே நீராவும் மரத்திலிருந்து வாய் வரைக்கும் குளிர் விட்டுப்போகாமல் பயணம் செய்தாக வேண்டும்.

தொழிலைப் பெருக்குவதில்தான் பெரிய வேறுபாடு. பீர் ஆலை பெரிதாக வேண்டுமானால் இன்னொரு தொட்டி வாங்கினால் போதும். நீராவுக்கு இன்னொரு மரமேறி வேண்டும். ஒருவர் பத்துப் பதினைந்து மரங்களைக் கவனித்தாலே அதிகம். அதிலிருந்து கிடைப்பது நாளுக்கு முப்பது லிட்டருக்குள்தான். மரங்கள் நெருங்கி நின்றால் ஏறி இறங்க நேரம் மிஞ்சும், தோப்புகள் சிதறிக் கிடந்தால் அதே ஆளின் பாதி உழைப்பு நடையில் போகும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ திட்டத்தில் கருவி கொண்டு மரமேறப் பயிற்சி தருகிறது. ஏறுகிறவர்களுக்குக் காப்பீடும் உண்டு. சிறு விவசாயிகள் சங்கமாகவும், சங்கங்கள் கூட்டமைப்பாகவும், கூட்டமைப்புகள் உற்பத்தியாளர் நிறுவனமாகவும் சேரும் முறையையும் இதே வாரியம்தான் கொண்டுவந்தது. குளிர்சாதனமும் பாட்டில் அடைக்கும் எந்திரமும் தனியொரு தோப்புக்காரருக்குக் கட்டுப்படியாகாது என்பதால் அந்தக் கூட்டு அவசியம்.

மழை நாளிலும் பனிக் காலத்திலும் குளிர்பானம் தேங்கும். மரமோ சுரப்பதை நிறுத்தாது. அப்போது கைகொடுப்பது அடுப்பு. புளிக்காத சாற்றைக் காய்ச்சிக் கிளறினால் ஏழெட்டு லிட்டருக்கு ஒரு கிலோ அளவில் தென்னஞ்சர்க்கரை கிடைக்கும். நுரை கண்ட சாற்றை எவ்வளவு காய்ச்சினாலும் சர்க்கரை சரியாகப் பூக்காது, பாகாகவே நிற்கும். பூத்த சர்க்கரையையும் கடற்காற்றில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். சூடு ஆறியதும் காற்றுப் புகாத பையில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாது.